கணினி எத்தனை நாள் உழைக்கும்?
பயன்பாடும் வெப்பமும் மேசைக் கணினியின் வாழ்நாளும்

முன்னுரை

இத்தலைப்பைக் கண்டவர் சிலர், மொழியியலுக்கும் கணினிப் பெட்டியின் சூட்டுக்கும் என்ன தொடர்பு என வினவக்கூடும். முறையான வினாவே. அதற்குரிய விடையை ஓர் இழப்பிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

1990களின் இறுதியில் நாமும் நம் மாணவர் சிலரும், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்சுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த தோட்டங்களில் முதியவர்களைச் சந்தித்துத் தொழிற்சொற்களைத் திரட்டினோம். கித்தா, கோட்டுப்பால், கட்டிப்பால், மங்கு, பீலி, பெரட்டு, தீம்பார், ஆயாக்கொட்டகை என்றவாறு வளர்ந்த பட்டியல் அது. சொற்களையும் அவற்றைச் சொல்லிய உரையாடல்களின் எழுத்துப்படியையும் ஒரு தோட்டப்பள்ளியின் மேசைக் கணினியில் ஏற்றினோம். கணினியில்தான் இருக்கிறதே என்ற துணிவில், ஒலிநாடாக்களை அழித்து மறுபதிவுக்குப் பயன்படுத்தினோம்.

ஒரு நாள் காலையில் அக்கணினி விழிக்கவில்லை. விசையை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, காற்றாடியும் சுழலவில்லை. ‘போய்விட்டது’ என்று முடிவு செய்தோம். ஆண்டிறுதியில் உடைந்த நாற்காலிகளுடன் அதுவும் பழைய இரும்புக்காரரிடம் சென்றது. ஈராண்டு கழித்து, மீண்டும் தொகுக்கத் தொடங்கிய சொற்களைத் தாங்கியிருந்த இரண்டாவது கணினியும் அவ்வாறே நின்றது. இம்முறை அதைச் சிற்றூர்க் கடையொன்றில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றோம். அவர் பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையில் தலை புடைத்து நின்ற நான்கு சிறு உருளைகளைக் காட்டினார். பின்பு வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினார். கோப்புகள் அனைத்தும் அப்படியே இருந்தன.

முதற்கணினியின் வன்தட்டும் பெரும்பாலும் நலமாகவே இருந்திருக்கும் என்பது அப்பொழுதுதான் உறைத்தது. அச்சொற்களைச் சொன்ன முதியவர்களுள் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர். தோட்டங்கள் சில வீட்டுமனைகளாகிவிட்டன. மறுமுறை கேட்டுப் பெற இயலாத செய்தியை, எந்த உறுப்பு செயலிழந்தது என்று அறியாமையால் விற்றுவிட்டோம். ஒரு கணினி ஏன் நிற்கிறது, எவ்வளவு காலத்தில் நிற்கிறது, நிற்கும்போது எது போகிறது, எது எஞ்சுகிறது என்பவற்றைத் தமிழாசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

1. ‘உழைத்தல்’ என்னும் சொல்

தமிழில் ‘உழைத்தல்’ என்னும் வினைக்கு வழக்கில் இரு பொருள்கள் உள. மனிதர் உழைக்கிறார் என்றால் பாடுபடுகிறார் என்று பொருள். செருப்பு இரண்டாண்டு உழைத்தது என்றால் அத்தனை காலம் கெடாமல் பயன்பட்டது என்று பொருள். வேலை செய்வதையும் நீடித்திருப்பதையும் நம் மொழி ஒரே வினையால் குறிக்கிறது. பெட்டிக்குள் பூட்டி வைத்த செருப்பை நாம் ‘உழைத்தது’ என்று சொல்வதில்லை.

இக்கருத்தை மனத்திற்கொண்டு நம் பள்ளிகளின் கணினி அறைகளைப் பார்க்கலாம். ‘அதிகம் தொடாதே, கெட்டுவிடும்’ என்னும் அறிவுரை அங்கே அடிக்கடி கேட்கும். நெகிழி உறை போர்த்தி, கதவைப் பூட்டி, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் திறக்கும் அறைகளும் உள. பயன்பாடே தேய்மானம், ஓய்வே பாதுகாப்பு என்னும் நம்பிக்கை இதன் அடிப்படை. இந்நம்பிக்கை எந்த அளவு மெய்? கணினியின் உறுப்புகளையே கேட்டுப் பார்ப்போம்.

2. வெயில், காங்கை, புழுக்கம்

வெப்பத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் இருப்பது ஈண்டு நமக்கு உதவுகிறது. கதிரவனிடமிருந்து வருவது வெயில். சூடேறிய பொருள் தன்னிடமிருந்து வெளிவிடுவது காங்கை. காற்றோட்டமின்றி ஈரத்தோடு தங்கும் சூடு புழுக்கம். புழுங்கல் அரிசி என்பதிலும் இதே அடிச்சொல் நிற்கிறது. கணினியைத் தாக்கும் வெப்பமும் இவ்வாறே மூவகைப்படும்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நண்பகல் வெப்பநிலை 32 அல்லது 33 பாகை செல்சியசை எட்டுவது இயல்பு. தகரக் கூரையின்கீழ் அமைந்த, குளிரூட்டி இல்லாத அறையில் அது மேலும் உயரும். இது வெயிலின் பங்கு. கணினி தான் உண்ணும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியிடுகிறது. 100 வாட்டு மின்சாரம் எடுக்கும் கணினி, 100 வாட்டுச் சூடேற்றியும் ஆகும். இது காங்கை. அக்காங்கையை வெளியேற்ற வேண்டிய துளைகள் தூசியால் அடைபட்டாலோ, பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ மேசை அறைக்குள் அடைத்தோ வைத்தாலோ, உள்ளே தங்குவது புழுக்கம்.

இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவன. பெட்டிக்குள் ஓர் உறுப்பு அறையின் வெப்பத்தைவிட 25 பாகை கூடுதலாகச் சூடேறும் எனக் கொள்வோம். அறை 25 பாகையாயின் அவ்வுறுப்பு 50 பாகையில் இருக்கும். அறை 35 பாகையாயின் 60 பாகையில் இருக்கும். தூசி அடைத்தால் இன்னும் 10 பாகை கூடி 70 ஆகலாம். கணினி அறையின் சாளரத்தைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பேசுவது கணினியின் உள்ளுறுப்பைப் பற்றிப் பேசுவதேயாகும்.

3. வெப்பம் உள்ளே செய்யும் வேலை

பழுதுபார்ப்பவர் நமக்குக் காட்டிய புடைத்த உருளைகள் மின்தேக்கிகள். மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்து செயலிக்குச் சீராக அளிப்பது அவற்றின் பணி. அவற்றுள் ஒருவகையின் உள்ளே மின்பகு நீர்மம் இருக்கும். வெப்பத்தில் அந்நீர்மம் மெல்ல மெல்ல அடைப்பின் வழியே ஆவியாகிக் குறையும். வேதிமாற்றத்தால் வளி உண்டாகித் தலை புடைக்கும்.

வேதிவினைகளின் வேகம் வெப்பத்தோடு எவ்வாறு கூடுகிறது என்பதை 1889ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் சுவாந்தே அர்ரீனியசு ஒரு சமன்பாட்டால் விளக்கினார். அதன் வழிவந்த நடைமுறைக் கணக்கொன்றை மின்தேக்கி செய்வோர் கையாள்கின்றனர். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் வாழ்நாள் பாதியாகும். 10 பாகை தாழ்ந்தால் இருமடங்காகும். 105 பாகையில் 2,000 மணி நேரம் எனக் குறிக்கப்பட்ட மின்தேக்கியை எடுத்துக்கொள்வோம். 75 பாகையில் அது 16,000 மணி நேரமும், 65 பாகையில் 32,000 மணி நேரமும், 55 பாகையில் 64,000 மணி நேரமும் உழைக்கும்.

இதனை ஆண்டுக் கணக்காக்குவோம். இரவும் பகலும் ஓடும் கணினிக்கு ஓராண்டு என்பது 8,760 மணி நேரம். 75 பாகைச் சூட்டில் அந்த மின்தேக்கி இரண்டாண்டும் தாங்காது. 55 பாகையில் ஏழாண்டுக்கு மேல் தாங்கும். நாளொன்றுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓடும் பள்ளிக் கணினிக்கோ ஓராண்டு என்பது 1,200 மணி நேரமே. அதில் 75 பாகையிலும் 13 ஆண்டு கிடைக்கும். 55 பாகைக்குக் கணக்கிட்டால் 50 ஆண்டுக்கு மேல் வரும். ஆனால், அதற்கு நெடுங்காலம் முன்னரே மின்தேக்கியின் ரப்பர் அடைப்பு முதுமை எய்திவிடும். ஆதலால் இக்கணக்கை ஆருடமாகக் கொள்ளாமல் திசைகாட்டியாகக் கொள்ள வேண்டும். அது காட்டும் திசை தெளிவானது: பயன்படுத்திய மணி நேரத்தின் விலையை முடிவு செய்வது அம்மணி நேரத்தின் வெப்பமே.

ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உலகச் சந்தைக்கு வந்த தாய்ப்பலகைகள் பலவற்றில் குறைபாடுடைய மின்தேக்கிகள் இருந்தன என்பதும் அறிந்த செய்தி. அக்காலக் கணினிகள் நம் நாட்டு வெப்பத்தில் விரைந்து வீழ்ந்ததில் வியப்பில்லை.

அடுத்தது பற்றாசு. உலோகத் துண்டுகளை இணைக்க உருக்கி வைக்கும் பொருளுக்குப் பற்றாசு என்பது பழந்தமிழ்ப் பெயர். ‘ஆசு’ என்றும் வழங்கும். யாப்பிலக்கணம் பயின்ற மாணவர்க்கு ஆசிடை நேரிசை வெண்பா நினைவுக்கு வரலாம். முதற்குறளையும் தனிச்சொல்லையும் இசை குன்றாமல் ஒட்டவைக்கும் ஓரிரு அசைகளை ஆசு என்றனர், பொற்கொல்லர் இடும் பற்றாசைப் போல அவை நிற்பதால். தாய்ப்பலகையிலும் சில்லையும் பலகையையும் ஒட்டி நிற்பது இந்த ஆசே. சூடேறும்போது சில்லு ஓரளவும் பலகை வேறோரளவும் விரிகின்றன. ஆறும்போது அவ்வாறே சுருங்குகின்றன. இடையில் நிற்கும் பற்றாசு ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. கம்பியொன்றை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிவது போல, அதுவும் ஒரு நாள் விரிசலுறும். 2007ஆம் ஆண்டில் மைக்ரோசாப்டு நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிகளின் பழுதுக்காக நூறு கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. சூடேறி ஆறும் சுழற்சியில் இணைப்புகள் முறிந்தமையே காரணம் என்று அந்நிறுவனத்தாரே பின்னாளில் விளக்கினர்.

செயலியோ தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்புடையது. ஏறத்தாழ 100 பாகையை நெருங்கும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் கணினியையே நிறுத்திவிடும். ஆதலின் வெப்பத்தால் செயலி மடிவது அரிது. பிற்பகல் வகுப்பில் மட்டும் கணினி மந்தமாகிறது என்றால், அது செயலி விடுக்கும் முறையீடு. காற்றாடியின் தாங்கியில் உள்ள எண்ணெயும் சூட்டில் வறளும். காற்றாடி முனகத் தொடங்கினால் அதனை உடனே மாற்றுவது சிறு செலவு. முனகல் ஓயும்வரை காத்திருப்பது பெருஞ்செலவு.

4. பயன்பாடு தேய்க்குமா?

வன்தட்டைப் பற்றிய நம் நம்பிக்கைகளை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு அசைத்தது. கூகுள் நிறுவனத்தின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகிய மூவரும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். மிகுதியாகப் பயன்படுத்திய தட்டுகளே மிகுதியாகக் கெடும் என்பது எதிர்பார்ப்பு. மிக இளமையிலும் மிக முதுமையிலும் மட்டுமே அவ்வுறவு தெளிவாகத் தென்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மங்கலாகவே இருந்தது. வெப்பத்திலும் வியப்பு காத்திருந்தது. மிதமான எல்லைக்குள் சூடு கூடியதால் பழுது கூடவில்லை. மிகக் குளிர்ந்த தட்டுகளே கூடுதலாகக் கெட்டன. மிக உயர்ந்த வெப்பத்தில், அதுவும் வயதான தட்டுகளில்தான் சூட்டின் கொடுமை வெளிப்பட்டது.

அத்தட்டுகள் தூசி நீக்கிய, ஒரே சீரான காற்றில், இடையறாது இயங்கியவை என்பதை மறத்தலாகாது. தகரக் கூரை அறைக்கு அம்முடிவை அப்படியே பொருத்த முடியாது. எனினும் வேலை செய்வதனாலேயே கணினி தேய்ந்து மடியும் என்ற அச்சம் மிகை என்பதற்கு அது நல்ல சான்று.

விசையை அடிக்கடி இயக்கி நிறுத்துவது பற்றியும் வினா எழும். மேசைக் கணினிக்குரிய பழைய வன்தட்டுகள் பலவும் 50,000 முறை இயக்கி நிறுத்தத் தக்கவையாக அளவிடப்பட்டவை. நாளுக்குப் பத்து முறை, ஆண்டுக்கு 200 நாள் என்றாலும் 25 ஆண்டு ஆகும். பற்றாசின் பொருட்டு வகுப்புக்கு வகுப்பு நிறுத்தி இயக்குவதைத் தவிர்க்கலாம். காலையில் இயக்கிப் பள்ளி முடியும்போது நிறுத்துவதே இரண்டுக்கும் நடுவான வழி.

ஓய்வு கணினியைக் காக்கும் என்ற எண்ணம் நம்மவர்க்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று சிந்தித்தால், ரப்பர்க்காடே விடையாகத் தோன்றுகிறது. பால்மரத்தை நாள்தோறும் வெட்டாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது நெடுநாள் வழக்கம். ஓய்வின்றி வெட்டினால் பால் வற்றி வெட்டுப்பட்டை உலர்ந்துவிடும் என்பதைத் தோட்டத்தார் அனைவரும் அறிவர். ஆனால் மரத்துக்கும் கணினிக்கும் இடையில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மரம் ஓய்வில் பாலை ஊறச் செய்கிறது. ஆண்டுகள் சில சென்றால் வெட்டிய பட்டையையும் புதுப்பித்துக்கொள்கிறது. கணினிக்கு அவ்வாற்றல் இல்லை. ஓய்வில் அது எதையும் மீட்டுக்கொள்வதில்லை. அது வாளா நிற்கும் காலத்திலும் ஈரமும் தூசியும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன.

தோட்டத்திலிருந்து கொள்ளத்தக்க வேறொரு பாடம் உண்டு. பால்வெட்டு விடியுமுன் தொடங்கியதற்குக் காரணம் வெப்பமே. வெயில் ஏற ஏற மரம் நீரை இழந்து பாலின் ஓட்டம் குறையும். ஒரு தொழிலின் நாள் ஒழுங்கு முழுவதையும் வெப்பத்தின் நேரத்தை அறிந்தே நம் முன்னோர் அமைத்துக்கொண்டனர். கணினிப் பாடத்தையும் நெடுநேரம் ஓடும் பணிகளையும் காலைப்பொழுதுக்கு மாற்றுவது செலவற்ற குளிரூட்டலாகும்.

5. இவ்வட்டாரத்தின் தனிப்பகைகள்

கணினிக் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மலாவத்தி குன்றின் கலங்கரை விளக்கத்திலிருந்து பார்த்தால் ஒருபுறம் மலாக்கா நீரிணை, மறுபுறம் சிலாங்கூர் ஆறும் சதுப்பும் காடும் தெரியும். இங்கே பகைகள் வேறு.

முதலாவது ஈரம். 32 பாகை வெப்பமும் 75 விழுக்காட்டு ஈரப்பதமும் உடைய காற்று, ஏறத்தாழ 27 பாகைக்குக் கீழ்ப்பட்ட பரப்பு எதன்மீதும் நீராய்ப் படியும். குளிர்ந்த புட்டியின் மேல் வியர்க்கிறதே, அதே நிகழ்வு. குளிரூட்டியை 18 பாகையில் வைத்து அறையை உறையச் செய்து, பின் கதவுகளை அகலத் திறந்தால், நிறுத்தி வைத்த கணினியின் உட்பலகையிலும் வியர்க்கக்கூடும். இயங்கும் கணினியோ தன் காங்கையால் தன்னை உலர்த்திக்கொள்கிறது. பூட்டி வைத்த கணினி விரைவில் கெடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். கடலோரக் காற்றின் உப்பு, அவ்வீரத்தோடு சேர்ந்து இணைப்பு முனைகளை அரிக்கும்.

இரண்டாவது தூசியும் புகையும். 2005 ஆகஸ்டு மாதத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐக் கடந்ததால், கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதை ஆசிரியர் பலர் நினைவுகூர்வர். மக்கள் முகக்கவசம் அணிந்தனர். கணினியின் காற்றாடியோ அந்நுண்துகளை உள்ளிழுத்துக்கொண்டே இருந்தது. செம்மண் பாதையின் தூசி நாள்தோறும் செய்வதைப் புகைமூட்டம் சில நாள்களில் செய்துவிடுகிறது. படிந்த தூசி வெப்பத்தை வெளியேற விடாத போர்வையாகிறது; ஈரத்தை உறிஞ்சி மின்கசிவுக்கும் வழி வகுக்கிறது.

மூன்றாவது இடி. உலகில் இடிமழை மிகுந்த நிலப்பகுதிகளுள் நம் நாடும் ஒன்று. அருகில் விழும் மின்னல் மின்கம்பி வழியே மட்டுமன்றித் தொலைபேசி, இணையக் கம்பி வழியாகவும் உள்ளே வரும். விசையை அணைப்பது போதாது. செருகியைச் சுவரிலிருந்து பிடுங்குவதே காப்பு. நான்காவதாக எறும்பையும் பல்லியையும் சொல்ல வேண்டும். மின்வழங்கியின் இளஞ்சூடு அவற்றுக்கு உகந்த குடியிருப்பு. பயன்படாத துளைகளை மூடி வைத்தல் நன்று.

6. காக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறை தானாகவே விளங்கும். கணினிப் பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு, வெயில் விழாத இடத்தில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, செருகியைப் பிடுங்கிய பின், காற்றாடியின் இதழ்களை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுகருவியால் தூசியை வெளியேற்ற வேண்டும். பிடிக்காவிடில் காற்றாடி வெறியோடு சுழன்று தாங்கி கெடும். செயலிக்கும் அதன் மேலுள்ள உலோகக் கட்டிக்கும் இடையே உள்ள வெப்பப்பசை சில ஆண்டுகளில் உலர்ந்துவிடும். அதனைப் புதுப்பித்தால் மந்தமான கணினி மீண்டும் சுறுசுறுப்பாவதைக் காணலாம்.

குளிரூட்டியை 25 அல்லது 26 பாகையில் வைத்தல் போதும். நெகிழி உறையைச் சூடு ஆறிய பின்னரே போர்த்த வேண்டும். நீண்ட பள்ளி விடுமுறையில் வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் கணினிகளை இயக்க யாரையேனும் பொறுப்பாக்க வேண்டும். இயக்கும்போது நாளும் நேரமும் பல ஆண்டு பின்னோக்கிக் காட்டினால் அஞ்ச வேண்டா. தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்தது என்பதே அதன் பொருள்.

நின்றுவிட்ட கணினியை ஒதுக்குமுன் ஒரு கடமை உண்டு. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திப் பார்க்க வேண்டும். விளக்கே எரியாமல் நின்ற கணினியில் பெரும்பாலும் பழுதுற்றது மின்வழங்கியோ மின்தேக்கியோதான்; எழுத்து அங்கே இல்லை. அதன் பின்னரே கழிவுக்கு அனுப்பலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டவிதிகளின்படி மலேசியாவில் மின்னணுக் கழிவு அட்டவணைக் கழிவாகும். குப்பையோடு கொளுத்துவதும் ஆற்றோரம் கொட்டுவதும் கூடா.

7. எழுத்தின் ஆயுள்

கணினியின் உடல் நலமாக இருந்தும் அதன் வாழ்நாள் முடிவதுண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் பொது ஆதரவு முடிந்தது. புதிய பதிப்பை ஏற்காத பழைய செயலிகள், ஒரு மின்தேக்கியும் புடைக்காமலேயே முதுமை அடைந்தன.

அதற்கும் அப்பால் எழுத்துக்கு ஓர் ஆயுள் உண்டு. இரண்டாவது கணினியின் கோப்புகளைத் திறந்தபோது நமக்குக் கிட்டியவை பொருளற்ற குறிகள். அவை பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்தன. 1985இல் மலேசியரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கிய காலந்தொட்டு, தமிழ் கணினியில் பல குறியாக்கங்களைக் கடந்து வந்துள்ளது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழி டாம், டாப் என்னும் இரண்டு வந்தன. இணைய வழி ஒன்றுகூடிய ஆர்வலர் உருவாக்கிய திஸ்கி வேறு வழங்கியது. இன்று ஒருங்குறி நிலைபெற்றுவிட்டது. மாற்றி மென்பொருளின் துணையால் நம் சொற்கள் மீண்டும் தமிழாயின. அம்மாற்றிகள் கிடைக்கும்போதே பழைய கோப்புகளை மாற்றிவிடுதல் அறிவுடைமை.

கழற்றிய வட்டுகளைச் சேமிப்பறையில் அடுக்கி வைப்பதும் நிலையான தீர்வன்று. இக்காலத் திண்ம நினைவகங்கள் காந்தத்தில் எழுதாமல் மின்னூட்டத்தில் எழுதுகின்றன. எழுதி எழுதித் தேய்ந்து முடிந்த ஒன்று, மின்சாரமின்றி 30 பாகையில் ஓராண்டு செய்தியைத் தாங்கினால் போதும் என்பதே பொதுப் பயனர்க்குரிய தொழில்தரம். நம் சேமிப்பறைகள் 30 பாகையில் நிற்பதில்லை.

வெப்பமும் ஈரமும் பூச்சியும் எழுத்தை அழிப்பது தமிழர்க்குப் புதிதன்று. பனையோலையும் அவற்றுக்கே இரையாயிற்று. நம் முன்னோர் கண்ட மருந்து இரண்டு: எண்ணெய் பூசி ஓலையின் ஆயுளை நீட்டினர், ஓலை மடியுமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தது எந்த ஓலையும் ஈராயிரம் ஆண்டு உழைத்ததனால் அன்று. இடையறாது படியெடுத்தோர் இருந்ததனால். படியெடுப்பார் இல்லாமற்போன சுவடிகளின் கதியை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளார்.

நிறைவுரை

பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் உண்டு. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொகோனியே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்குதான் தொடங்கினார். தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்தில் செம்பனை நிற்கிறது. நடப்பட்ட மரங்கள் ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒரு முறை வெட்டி மறுநடவு செய்யப்படுகின்றன. மரம் மாறினும் பெயர் நிற்கிறது, ஏனெனில் அதனை நாள்தோறும் சொல்வார் உளர்.

கணினியும் அத்தகைய ஒரு மரமே. பயன்பாட்டால் அது கெடும் என்று அஞ்ச வேண்டா. வெப்பத்தையும் ஈரத்தையும் தூசியையும் அஞ்சுக. குளிர்ச்சியாக, தூய்மையாக, நாள்தோறும் அதனை உழைக்க விடுக. அது ஒரு நாள் நின்றே தீரும் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். மாணவர் எழுதிய கட்டுரை, ஆசிரியர் திரட்டிய பழமொழி, பாட்டி சொன்ன தோட்டச் சொல் எதுவாயினும், ஒருங்குறியில் எழுதி, மூன்று படிகளாக, அவற்றுள் ஒன்றையேனும் வேறோர் ஊரில் வைத்திருங்கள்.

இவ்வுரையைக் கேட்டவரும் படிப்பவரும் தத்தம் பள்ளிக்குத் திரும்பியதும் சேமிப்பறையைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஒதுக்கி வைத்த பழைய கணினிகள் அங்கே இருக்கலாம். அவற்றை விற்குமுன் வன்தட்டுகளைக் கழற்றிப் படியெடுங்கள். அவற்றுள் யாரோ ஒருவரின் குரல் இன்னும் இருக்கக்கூடும்.